உள்ளே இருப்பதை அறிவோம்

மென்பொருள் ஆக்குவோர் பலர், பிறர் எழுதிய நிரல் தொகுப்புகளையும் தம் படைப்புக்குள் சேர்த்தே நமக்குத் தருகின்றனர். அத்தொகுப்பில் குறை தோன்றின் பொறுப்பு யாருடையது?

2021 டிசம்பரில், கணினியின் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ‘லாக்ஃபோர்ஜே’ என்னும் தொகுப்பில் பெருங்குறை ஒன்று வெளிப்பட்டது. அயலார் அனுப்பும் ஒரே வரியால் கணினியைக் கைப்பற்ற முடிந்தது. குறையின் கடுமை 10-க்கு 10 என மதிப்பிடப்பட்டது. அதனைப் பேணும் அப்பாச்சி அமைப்பினர் அம்மாதத்திலேயே பலமுறை திருத்தி வெளியிட்டனர். ஆயினும் எண்ணற்ற மென்பொருள்களுக்குள் பழைய பிரதியே கிடந்தது. அது தம்மிடம் இருப்பதையே பல நிறுவனங்கள் அறியவில்லை. மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் தாமே திருந்துவதில்லை அன்றோ!

ஆகவே, சேர்த்தவரே பொறுப்பாளர். சேர்த்தவற்றைப் பட்டியலிட்டு வைத்து, குறை தெரிந்தவுடன் மாற்றித் தருவது அவர்தம் கடமை. கைப்பேசிக்கு வரும் அத்தகைய புதுப்பிப்பைத் தள்ளிப்போடாமல் ஏற்பது நம் குடும்பங்களின் கடமை எனக் கூற விழைகிறோம்.