பென்சில் கோடு ஏன் பிசிறடிக்கிறது?

ஆரணியை அடுத்த சேவூரில் தெருவில் நடந்து செல்வோரின் காதில் முதலில் விழுவது தறியின் ஓசை. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் பூக்கும் மாங்காய், மயில், அன்னம் முதலிய உருவங்களை ஒரு காலத்தில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி வரைந்தனர். இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் கணிப்பொறித் திரையில் செய்கின்றனர்.

நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த என் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு துண்டுப் பட்டுடன் என்னிடம் வந்தார். மாங்காய்ப் புட்டா ஒன்றை அவரே கணிப்பொறியில் வரைந்து, அதற்கு அட்டை குத்தி, அவருடைய தந்தை தறியில் ஒரு சாண் நெய்து பார்த்திருந்தார். மாங்காயின் ஒரு பக்கத்தில் கோடு தடித்திருந்தது. மறுபக்கத்தில் பிசிறு பிசிறாக இருந்தது. "சார், திரையில் அழகாகத்தான் இருந்தது. தறியில் ஏன் இப்படி வந்தது?" என்று கேட்டார். அட்டை குத்திய செலவு வீண். தறி நின்ற நாள்களுக்குக் கூலியும் இல்லை. ஆகவே இக்கேள்வியை விளையாட்டாக ஒதுக்கிவிட முடியாது. இதற்கு விடை காண்போம்.

கோடு அன்று, கட்டங்கள்

தாளில் பென்சிலால் இழுக்கும் கோடு தொடர்ச்சியானது. திரையிலோ அப்படியன்று. திரை முழுவதும் சிறு சிறு கட்டங்கள். இவற்றைப் பிக்சல் என்பர். கணிப்பொறிப் பென்சில் செய்வதெல்லாம் சில கட்டங்களுக்கு நிறம் கொடுப்பதே.

தறியும் இவ்வாறுதான் இயங்குகிறது. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்தவரான ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறியில், அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. அதனுடன் இணைந்த கொக்கி உயர்ந்து பாவு இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் இழை எழுவதில்லை. எழுந்த இழைகளுக்கும் எழாத இழைகளுக்கும் இடையே நாடா ஓடுகிறது. கொக்கிக்கு ஓர் இழை என்று கொண்டால், 240 கொக்கிகள் உள்ள பெட்டியில் படத்தின் அகலம் 240 கட்டங்கள். ஒவ்வோர் அட்டையும் ஒரு வரிசை. ஆக, திரையில் ஒரு பிக்சல் என்பது துணியில் பாவும் ஊடையும் சந்திக்கும் ஓர் இடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பென்சில் கருவியின் கோளாறுகள் யாவும் விளங்கிவிடும்.

வளைவு பல்கோணம் ஆவது ஏன்?

மவுசின் நகர்வைக் கணிப்பொறி இடைவிடாது கவனிப்பதில்லை. சாதாரண மவுசு விநாடிக்கு 125 முறை தன் இருப்பைத் தெரிவிக்கிறது. நீங்கள் விநாடிக்கு 1,000 பிக்சல் வேகத்தில் கையை வீசினால், அடுத்தடுத்த இரு செய்திகளுக்கிடையே 8 பிக்சல் ஓடிவிடும். இடைப்பட்ட பாதையை மென்பொருள் அறியாது. ஆகவே இரு புள்ளிகளையும் நேர்கோட்டால் இணைக்கிறது. வளைவாக நீங்கள் எண்ணியது பல சிறு நேர்கோடுகளாகிறது. கணிப்பொறி வேறு வேலைகளில் மும்முரமாக இருந்தால் சில செய்திகள் தவறி, நேர்கோடுகள் இன்னும் நீளும், முனைகள் வெட்டுப்படும்.

அப்படியானால் மெதுவாக வரைந்தால் போதுமா? அங்கே வேறொரு தொல்லை காத்திருக்கிறது. உடல்நலம் உள்ளவர் கையும் விநாடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை மிக நுண்ணிதாக நடுங்குகிறது. மெதுவாக இழுக்கும்போது அந்நடுக்கம் முழுவதும் கோட்டில் பதிந்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. படத்தை 8 மடங்கு பெரிதாக்கி வரையுங்கள். அப்போது திரையில் 1,000 பிக்சல் ஓடினாலும் படத்தில் நகர்வது 125 கட்டங்களே. ஒரு செய்திக்கு ஒரு கட்டம் என்ற கணக்கு வந்துவிடும். கை நடுக்கமும் 8-இல் ஒரு பங்காகக் குறைந்து, பெரும்பாலும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். கோட்டைச் சீராக்கும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. அது அடுத்தடுத்த இருப்புகளின் சராசரியை எடுக்கிறது. அளவுக்கு மீறி வைத்தால் மாங்காயின் கூர்நுனியும் மழுங்கிவிடும்.

படிக்கட்டின் ஒழுங்கு

சாய்கோட்டைக் கட்டங்களில் வரைந்தால் படிக்கட்டு தோன்றுவது இயல்பு. எந்தக் கட்டம் உண்மைக் கோட்டுக்கு மிக அருகில் உள்ளது என்பதைக் கூட்டல் கழித்தல் போன்ற எளிய கணக்காலேயே கண்டறியும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசனாம் 1962-இல் வகுத்தார்; 1965-இல் அது வெளியாயிற்று. அம்முறைப்படி 7 கட்டம் ஓடி 2 கட்டம் ஏறும் கோட்டின் படிகள் 3, 4, 3, 4 என ஒழுங்காக அமையும். கையால் இழுத்த கோட்டிலோ 2, 5, 1, 6 என்று வரும். இந்த ஒழுங்கின்மையே பிசிறாகத் தெரிகிறது.

துணியில் ஒரே ஓர் இழையின் பிசிறு கண்ணுக்குத் தெரியுமா? கணக்கிட்டுப் பாருங்கள். அங்குலத்திற்கு 120 பாவு இழைகள் என்றால் ஓர் இழைக்கு 0.21 மில்லிமீட்டர் இடம். அரை மீட்டர் தொலைவிலிருந்து அது கண்ணில் அமைக்கும் கோணம் ஏறக்குறைய 1.5 மினிட். நல்ல கண் பிரித்தறியும் எல்லை ஏறத்தாழ 1 மினிட். ஆகவே பிசிறு தெரியும். அதுவும் அடர்நிறப் பட்டின்மேல் ஜரிகை மின்னும்போது நன்றாகவே தெரியும்.

திருத்தும் வழி எளிது. படிகளின் நீளத்தை எண்ணுங்கள். நேர்கோட்டில் அவை ஏறத்தாழ சமமாக இருக்கட்டும். வளைவில் 1, 1, 2, 3, 5 என ஒரே திசையில் வளரட்டும், அல்லது தேயட்டும். நடுவே வரிசை மாறினால் அங்கே கோடு முறிந்தாற்போல் தோன்றும். திருப்பங்களில் மூன்று கட்டங்கள் மூலைமட்டம் போல் சேர்ந்து நின்றால் கோடு தடிக்கும். மூலையில் உள்ள கட்டத்தை அழித்துவிடுங்கள்.

சாம்பல் ஓரம்

பென்சில் கருவிக்கும் தூரிகைக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. படிக்கட்டை மறைப்பதற்காகத் தூரிகை தன் ஓரங்களில் இடைநிறங்களை இடுகிறது. கறுப்புக் கோட்டின் ஓரத்தில் சாம்பல் கட்டங்கள் இருக்கும். திரையில் கண் ஏமாந்து, கோடு வழவழப்பாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. கொக்கியோ பாதி எழ முடியாது; எழும் அல்லது எழாது. அட்டைக்கு மாற்றும்போது ஒவ்வொரு சாம்பல் கட்டமும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கப்படுகிறது. அதனால் கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் போகிறது.

படத்தை ஜேபெக் முறையில் சேமித்தாலும் இதே நிலைதான். அம்முறை படத்தை 8-க்கு 8 கட்டத் தொகுதிகளாகப் பிரித்துச் சுருக்குவதால் கூரிய ஓரங்களைச் சுற்றித் தூசி போல் புதுநிறங்கள் தோன்றும். நெசவுப் படத்தைப் பி.எம்.பி. அல்லது பி.என்.ஜி. முறையில், தேவையான நிறங்கள் மட்டும் வைத்துச் சேமிப்பதே சரி.

நிறம் கசிவதும் வட்டம் நீள்வதும்

மாங்காயின் உள்ளே நிறம் ஊற்றினால் சில வேளை திரை முழுவதும் நிறம் பரவிவிடும். எல்லைக் கோட்டில் ஒரு கட்டம் விடுபட்டிருப்பது ஒரு காரணம். இன்னொன்று நுட்பமானது. எல்லைக் கட்டங்கள் மூலைக்கு மூலை தொட்டு நிற்கும்போது, மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு திசைகளில் மட்டும் பரவும் நிறம் வெளியேறாது. மூலைத் திசைகளையும் சேர்த்து எட்டுத் திசைகளில் பரவச் செய்திருந்தால் மூலை வழியே கசிந்துவிடும். அந்த அமைப்பை மாற்றுங்கள்.

அடுத்து, அங்குலத்திற்குப் பாவு 120, ஊடை 80 என்று வைத்துக்கொள்வோம். 240 கட்ட அகலமும் 240 கட்ட உயரமும் உள்ள வட்டம் துணியில் 2 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் கொண்ட நீள்வட்டமாகிவிடும். உயரத்தை 160 கட்டங்களாகக் குறைத்து வரைந்தால், திரையில் சப்பையாகத் தோன்றினாலும் துணியில் வட்டமாகவே விழும். இக்காரணத்தால்தான் நெசவுக்குரிய கிராப் தாள்களில் சதுரமல்லாத கட்டங்களையும் அச்சிட்டனர்.

பென்சில் அறவே வரையவில்லையா? கருவியின் மேல் பழி போடுமுன் நான்கைப் பாருங்கள்: வரையும் நிறமும் பின்னணி நிறமும் ஒன்றா, நிறத்தின் அடர்த்தி சுழியமா, அடுக்கு பூட்டப்பட்டுள்ளதா, முன்பு தேர்ந்தெடுத்த பகுதிக்கு வெளியே வரைகிறீர்களா?

என் மாணவரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். இரு நிறங்கள் இருக்கவேண்டிய இடத்தில் பல சாம்பல் நிறங்கள் இருந்தன. அவர் எடுத்தது பென்சிலை அன்று, தூரிகையை. சேமித்ததும் ஜேபெக் முறையில். ஒரு மாலைப் பொழுதில் கட்டங்களை எண்ணி அவரே திருத்திவிட்டார். மாங்காய் இப்போது திரையில் முன்னைவிடச் சற்று முரடாகத் தெரிந்தது. அவர் தந்தை அதைப் பார்த்து, "இதுதான் கிராப்பு மாதிரி இருக்கு, குத்தலாம்" என்றாராம்.

நீங்கள் நெசவுக்காக வரைபவராக இல்லாமலிருக்கலாம். எனினும் திரையில் அடுத்த முறை ஒரு கோடு இழுக்கும்போது, அதை 8 மடங்கு பெரிதாக்கிக் கட்டங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அட்டை குத்துமுன் கண்ட பிழையை ஒரு சொடுக்கில் அழித்துவிடலாம். குத்தியபின் கண்ட பிழை ஒவ்வொரு புட்டாவிலும் திரும்பத் திரும்ப வரும். அதை நெய்பவர் நாள்கணக்கில் உழைத்துச் சேலை முழுவதும் சுமக்க நேரும்.