ஆயர் விடைபெறுங்கால் கூறும் நன்றி

ஓர் ஆயர் இடமாற்றம் பெற்றுச் செல்லுங்கால், கடைசி ஞாயிறாராதனை முடிந்தபின் சபையார் ஒருங்குகூடி அவருக்கு விடையளிப்பது நம் திருச்சபைகளின் வழக்கம். மாலை சூட்டுவர், பாடகர் குழுவினர் ஒரு கீர்த்தனை பாடுவர், சட்டமிட்ட வாழ்த்துமடலொன்றைப் படித்தளிப்பர். முன்னாளில் அம்மடலுக்கு உபசாரப் பத்திரம் என்று பெயர். ஆயருடைய குணங்கள் யாவும், சிலவேளை அவரிடம் இல்லாத குணங்களுங்கூட, அதன்கண் அடுக்கிச் சொல்லப்படும். பின்னர் ஆயர் எழுந்து பதிலுரை கூறுவார். சபையார் ஆயருக்கு நன்றி நவில்வதன் காரணம் எளிதில் விளங்குகின்றது. ஞானஸ்நானம் கொடுத்தவரும், மணமுடித்து வைத்தவரும், கல்லறைவரை உடன் நடந்தவரும் அவரே. ஆனால், ஆயர் சபையாருக்கு எதன்பொருட்டு நன்றி கூறுகின்றார்? அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

முதற்கண் உண்டியை எண்ணுக. தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களிற் பிடியரிசி என்றொரு வழக்கமுண்டு. உலையிலிடுமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியை வேறொரு கலயத்தில் இட்டுவைப்பாள். சேர்ந்ததனை ஆலயத்திற்குக் கொண்டுவந்து படைப்பாள். அறுப்பின் பண்டிகையில் விளைந்தவற்றின் முதற்பங்கு வரும். சிக்கலைச் சூழ்ந்த கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத ஆண்டில் நெல்லில்லை. மிளகாய் வற்றலையும் பருத்தியையும், அவையும் பொய்த்தவிடத்துக் கருவேலங் கரிமூட்டத்தையும் நம்பி மாந்தர் காலந் தள்ளுவர். அத்தகைய ஊரில் ஒரு பிடி அரிசி ஒரு பிடி அரிசி மாத்திரமன்று. உதவியின் அளவு கொடுத்த பொருளால் அமைவதன்று, பெற்றவருடைய சால்பினால் அமைவது என்று திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்துள் உரைத்தது இவ்விடத்திற்கே சொன்னதுபோல் இருக்கின்றது. அப்பிடியின் கனத்தை உணர்ந்தவரே நல்ல ஆயர்.

ஆயினும் பெற்ற உண்டிக்கு நன்றி கூறுவதோடு இப்பொருள் முடிந்துவிடவில்லை. தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களை வகுக்குமிடத்து ஓதல், பகை, தூது என்பவற்றைக் கூறுவர். அது தலைவன் தலைவியரைப் பற்றிய இலக்கணமேயாயினும், ஆயருடைய பிரிவைத் தூதின்பாற் படுத்தல் பொருந்தும் என்பது என் துணிபு. ஆசிரியர்மார் மறுப்பராயின் மறுக்கட்டும். தூதன் தன்னை விடுத்தோனுக்கு உரியவன். சென்றடைந்த ஊருக்கு உரியவனல்லன். ஆனால் உண்டியும் உறையுளும் அன்பும் தந்தது அவ்வூர். கீழ்ப்படிதல் ஓரிடத்தும் நன்றிக்கடன் மற்றோரிடத்தும் நிற்றலின், புறப்படும் நாளில் அவன் நெஞ்சு இருபாலும் இழுக்கப்படுகின்றது.

இவ்விழுப்பை வேதாகமத்தில் மிலேத்துத் துறைமுகத்திற் காண்கின்றோம். பவுல் அப்போஸ்தலர் எபேசு சபையில் மூன்றாண்டு உழைத்தவர். எருசலேமுக்கு விரைந்து செல்லும் வழியில், முப்பது மைலுக்கு அப்பாலிருந்த அச்சபையின் மூப்பரை மிலேத்துவுக்கு வரவழைத்து விடைபெறுகின்றார் என்பது அப்போஸ்தலருடைய நடபடிகள் 20ஆம் அதிகாரச் செய்தி. தாம் ஒருவருடைய பொன்னையோ வெள்ளியையோ ஆடையையோ இச்சித்ததில்லை என்றும், தம் கைகளே தம்மைப் போஷித்தன என்றும் கூறி, அவர்களைத் தேவனிடத்தில் ஒப்புவிக்கின்றார். ‘என்னை நினைத்திருங்கள்; இடர் வந்தால் எனக்கு எழுதுங்கள்’ என்று அவர் சொல்லவில்லை. பின்பு முழங்காற்படியிட்டு ஜெபிக்கின்றார். அவர்கள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகின்றனர். இனி அவர் முகத்தைக் காணார் என்பதே அவர்களுக்கு மிகுந்த துயரம். கப்பல்வரை சென்று வழிவிடுகின்றனர். கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் கடல்கடந்து செல்வோரை வழிவிட்டு நின்ற குடும்பங்களுக்கு இக்காட்சி புதியதன்று.

பிலிப்பி சபைக்கு அவர் எழுதிய நிருபமோ வேறுவகை நன்றி. அவர் சிறையிலிருக்க, அச்சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியாகப் பொருளுதவி விடுத்தனர். அதற்கு விடை வரைகின்றவர், எனக்குக் குறைவில்லை என்கிறார். நீங்கள் கொடுத்தது நன்று என்கிறார். நான் காணிக்கையை நாடவில்லை என்கிறார். உங்கள் கணக்கிற் பெருகும் பலனையே நாடுகின்றேன் என்கிறார். எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று அவர் எழுதியவிடத்து மூலமொழியாகிய கிரேக்கில் நிற்குஞ் சொல், வணிகர் பற்றுச்சீட்டில் எழுதும் சொல்லாகும். அன்பின் பெருக்கிலும் கடன் தீர்க்கும் கவனம் அவரிடத்து மாறவில்லை.

இனி நம் நாட்டு வரலாறொன்றைக் காண்போம். நன்றியே பிரிவினைக்கு வழியான வரலாறு அது. சர்ச் மிஷனரி சங்கத்தார் அனுப்ப, 1814இல் சென்னைக்கு வந்து, 1820இல் பாளையங்கோட்டையிற் குடியேறியவர் இரேனியுஸ் ஐயர். பிரஷ்ய நாட்டவர், உலுத்தரன் முறையிற் குருப்பட்டம் பெற்றவர். தமிழ் கற்போர்க்கு அவர் பெயர் அயலன்று. 1834இல் தமிழிலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். புதிய ஏற்பாட்டைப் புதுத் தமிழாக்கினார். ஊசிக்கோபுரம் என வழங்கும் பாளையங்கோட்டைத் திரித்துவ ஆலயம் 1826இல் அவர் முயற்சியால் எழுந்தது. பதினைந்தாண்டிற் சபையோர் தொகை ஏறக்குறையப் 10,000 ஆயிற்று. 1830இல் அவர் தொடங்கிய தர்ம சங்கத்திற்கு ஏழைக் கிறிஸ்தவர்கள் தாமே பணஞ் சேர்த்தனர்.

இடர் குருப்பட்டத்தைப் பற்றி எழுந்தது. தம் உபதேசிமாரில் தக்கார்க்கு உலுத்தரன் முறையிலேயே பட்டங் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. அத்தியட்சரன்றி அது கூடாது என்பது சங்கத்தார் கொள்கை. ஆங்கிலத் திருச்சபையின் முறைகளைக் கண்டித்து அவர் ஒரு மதிப்புரை வெளியிட, 1835இல் சங்கம் அவரை நீக்கிற்று. அவர் கீழ்ப்படிந்து, அவ்வாண்டு ஜூன் மாதம் பாளையங்கோட்டையை விட்டு ஆர்க்காட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவில் நின்றிருப்பின் அது மிலேத்துவை ஒத்த பிரிவாகியிருக்கும்.

நின்றதில்லை. வாரும், வாரும் என்று உபதேசிமாரும் சபையாரும் கடிதத்தின்மேற் கடிதம் விடுத்தனர். அக்டோபரில் அவர் மீண்டார். சங்கத்தோடு நின்றோரும் அவரோடு சென்றோருமாகச் சபை இரண்டாயிற்று. ஒரே ஊரில் இருதிறத்தார், உறவினர்க்குள்ளும் வேறுபாடு. மூன்றாண்டு இந்நிலை நீடித்தது.

அவரைக் குறைகூறுதல் எளிது. நான் அதற்குத் துணியேன். அவரை நீக்கிய தீர்மானத்தில் அச்சபையாருடைய குரலுக்கு இடமிருந்ததில்லை. ஆயரைப் போக்குவோர் எங்கோ இருக்க, அவரை இழப்போர் வாய்திறவாதிருத்தல் வேண்டும் என்பது நீதியாகாது. அழைத்தவர்கள் அன்பினால் அழைத்தனர். வந்தவரும் நன்றியினாலேயே வந்தார். ஆயினும் அந்நன்றி சபையைத் தேவனிடத்தில் ஒப்புவிக்க மாட்டாது தன்னிடத்தே வைத்துக்கொண்டது என்று சொல்லாதிருக்க முடியவில்லை. இக்காலத்து ஆயர் பலர், விட்டுவந்த சபையில் ஒரு திருமணத்தை நடத்துதற்கும் ஆண்டுள்ள ஆயரின் இசைவை வேண்டுவது வெறும் உபசாரமன்று. பழைய ஆயர் வந்துவந்து போவாராயின் புதியவர் என்றும் விருந்தினராகவே இருப்பார்.

ஆகவே விடைபெறும் ஆயருடைய பதிலுரை இரு பகுதியுடையது எனலாம். பெற்றதை ஒன்றுவிடாது சொல்லுதல் ஒன்று. ‘இனி நீங்கள் என்னுடையவர்களல்லீர்’ என்று வாய்திறந்து சொல்லுதல் மற்றொன்று. முன்னதைச் செவ்வனே சொல்லுவோர் பலர். பின்னதைச் சொல்லுங்கால் பெரும்பாலார்க்கு நாத் தழுதழுக்கின்றது. அதனாலேயே பலர் விரைந்து ஜெபத்திற்குச் சென்றுவிடுகின்றனர் போலும்.

இரேனியுஸ் ஐயர் 1838 ஜூன் 5ஆம் நாள் பாளையங்கோட்டையிற் காலமானார். அதன்பின் பிரிந்த சபைகளிற் பெரும்பாலன மீண்டும் சங்கத்தோடு கூடின. அவர் எழுப்பிய ஊசிக்கோபுர ஆலயத்தின் வளாகத்தில் அவர் உடல் அடக்கம் பெறவில்லை. கல்லறை அடைக்கலபுரத்தில் இருக்கின்றது.