காத்திருப்பும் ஆயத்தமும்: கொல்லிமலையில் பிராண்ட் குடும்பம்

கிறிஸ்தவ வேதத்தில் பொறுமையும் ஆயத்தமும் சேர்ந்தே பேசப்படுகின்றன. நீடிய பொறுமைக்கு யாக்கோபு நிருபம் காட்டும் ஆள் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவன். உழுது விதைத்துவிட்டு வானம் பார்ப்பவன் அவன். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவன் அல்ல. மத்தேயு நற்செய்தியின் பத்துக் கன்னிகைகள் உவமையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. மணவாளன் வரத் தாமதித்தபோது பத்துப் பேருமே கண்ணயர்ந்தார்கள்; தூங்கியதற்காகக் கதை யாரையும் குறை சொல்வதில்லை. எண்ணெய் எடுத்து வைத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. இதை வாழ்ந்து பார்த்த ஒரு குடும்பத்தின் வரலாறு கொல்லிமலையில் இருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மேட்டுநிலம். இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். நூறாண்டுக்கு முன் இங்கே வண்டிப் பாதை கிடையாது. ஏறினால் நடை, முடியாதவர்களுக்கு டோலி. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளிக்காரர்கள் இரவு தங்கத் தயங்கினார்கள்.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்தில் கட்டட வேலை பார்த்தவர். லண்டனில் உள்ள லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான குறுகிய பயிற்சி பெற்று, 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராக இந்தியா வந்தார். 1913இல் அடிவாரச் சேந்தமங்கலத்தில் ஈவ்லின் ஹாரிசை மணந்தார். இருவரும் மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார்கள்.

மருந்துக்கும் பல் பிடுங்கவும் ஆட்கள் வந்தார்கள். பிரசங்கத்தையும் கேட்டார்கள். ஞானஸ்நானத்துக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. இதை மலைமக்களின் பிடிவாதம் என்று எழுதுவது மிஷன் வரலாறுகளின் பழக்கம், அது நியாயமல்ல. ஊர் கும்பிடும் சாமியை விட்டு ஒருவர் விலகினால் பங்காளி, சம்பந்தி, ஊர்ப் பொதுக்காரியம் எல்லாவற்றையும் விட்டு விலக நேரும். யோசிப்பதற்கு அவர்களுக்கும் காரணம் இருந்தது.

இப்படிப் பல ஆண்டுகள் போயின. அந்த ஆண்டுகளில் ஜெஸ்ஸி வீடு கட்டினார், பள்ளி நடத்தினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார், பழமரம் வைத்தார். எல்லாவற்றிலும் சொல்லத் தகுந்தது நரம்புச் சிலந்தி என்ற புழுநோய்க்கு அவர் செய்த வைத்தியம். இந்தப் புழுவின் குஞ்சைச் சுமக்கும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி குடிதண்ணீரோடு உடலுக்குள் போகும். ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஒரு மீட்டர் வரை நீண்ட பெண் புழு பெரும்பாலும் காலில் கொப்புளம் உடைத்து வெளியே தலைகாட்டும். மருந்து கிடையாது. சின்னக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் உள்ளே தங்கிய மிச்சம் சீழ் பிடித்துக் காலையே முடக்கிவிடும். ஜெஸ்ஸி நாள்கணக்கில் உட்கார்ந்து சுற்றியதை அவர் மகன் பால் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆனால் புழுவைச் சுற்றுவதோடு அவர் நிற்கவில்லை. புண்ணோடு தண்ணீருக்குள் கால் வைக்கும்போதுதான் புழு குஞ்சுகளை விடும். ஆகவே யாரும் இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பி, மேலே நின்று இறைக்கச் சொன்னார். சுவர் கட்டிய வருஷம் பலன் தெரியாது. முந்தின வருஷம் குடித்த தண்ணீரின் புழு அந்த வருஷமும் வரத்தான் செய்யும். பொறுமையும் செயலும் இவ்வளவு நெருங்கிப் பிணைந்த வேலை வேறு கிடைப்பது அரிது. இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்.

1918ஆம் ஆண்டின் உலகளாவிய இன்ஃப்ளூயன்சா கொல்லிமலையையும் விடவில்லை. நோய்க்குப் பயந்து நலமாயிருந்தவர்கள் ஒதுங்கிக்கொள்ள, படுத்தவர்கள் குடிசைகளில் தனியே கிடந்தார்கள். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் அண்டாவில் கஞ்சி காய்ச்சி, குடிசை குடிசையாகப் போய் ஊட்டினார்கள். அதுவரை அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் அவர் மனைவியும் படுக்கையில் விழுந்தார்கள். அருகில் வந்தவர்கள் இவர்கள் இருவர்தான். சாகும் தறுவாயில் பூசாரி தம் பிள்ளைகளை இவர்களிடமே ஒப்படைத்தார். மலையில் கிறிஸ்தவச் சபை உருவாகத் தொடங்கியது அதன் பிறகே.

இதைக் காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி என்று படிப்பது எளிது. ஆனால் கொள்ளைநோயை யாரும் எதிர்பார்த்து ஆயத்தமாக இருக்கவில்லை. இவர்களுக்கு ஒவ்வொரு குடிசைக்கும் வழி தெரிந்திருந்தது, பேச்சு தெரிந்திருந்தது. உள்ளே நுழைந்தால் விரட்டமாட்டார்கள் என்ற அளவுக்குப் பழக்கமும் இருந்தது. பலனில்லாததாகத் தோன்றிய ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்தது அவ்வளவுதான். அந்த வாரங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெஸ்ஸி 1929 ஜூனில் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலால் இறந்தார், வயது 44. இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பால், பிறகு தந்தையைப்போலவே கட்டட வேலை கற்றார்; மருத்துவத்துக்கு வந்தது அதற்கும் பின்னால். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் முறையை வளர்த்தெடுத்தார். குணமானவர்கள் கைத்தொழில் கற்க அவர் அமைத்த நவஜீவ நிலையத்தில் பழைய தச்சுப் பயிற்சி நன்றாகவே உதவியது.

ஈவ்லினின் கதை வேறு மாதிரி. மலைமக்களிடம் அவ்வளவு பொறுமை காட்டியவர், தம் மிஷன் நிர்வாகத்திடம் அதைக் காட்டவில்லை. கணவர் போனபின் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தார்கள். மலைக்கு அனுப்பும்படி கேட்டபோது வயதைக் காரணம் காட்டி மறுத்தார்கள். கீழ்ப்படிந்து அமர்ந்திருப்பதுதான் பொறுமை என்றால் அவர் அதில் தோற்றவர். எழுபதை நெருங்கிய வயதில் ஓய்வு பெற்று, மிஷனின் ஏற்பாடு எதுவும் இல்லாமல் தாமாகவே மலையேறினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை உட்பட ஐந்து மலைகளுக்கும் போவதென்று கணவனும் மனைவியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் மூங்கில் கோல்களை ஊன்றியும் மட்டக்குதிரையிலும் ஊர் ஊராகப் போனார். 1974 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 95. வயதாகிவிட்டது என்று நிர்வாகம் மறுத்த பிறகு அவர் மலைகளில் உழைத்தது இருபது ஆண்டுகளுக்கும் மேல்.