ஒரு பானை, இரண்டாயிரம் கை

அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சாம்பார் வைத்துப் பாருங்கள். நாத்தனார் உப்புப் போட்டது தெரியாமல் நீங்களும் போட்டுவிடுவீர்கள். அவர் போட்டதும் சரியான அளவு. நீங்கள் போட்டதும் சரியான அளவு. சாம்பாரை மட்டும் வாயில் வைக்க முடியாது!

இரண்டு பேருக்கே இந்தக் கதி என்றால், சுமார் இரண்டாயிரம் பேர் ஒரே பானையில் கை வைத்தால்? அதுவும் ஆளுக்கொரு தேசத்தில் இருந்துகொண்டு? அப்படி ஒரு சமையல் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் பெயர் லினக்ஸ். "நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உங்கள் கைப்பையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அதன் அடித்தளத்தில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான்.

1991-ம் ஆண்டு. பின்லாந்திலே, ஹெல்ஸிங்கி சர்வகலாசாலையில் லீனஸ் டோர்வால்ட்ஸ் என்று ஒரு மாணவர். வயது 21. பொழுதுபோக்காகத் தாம் எழுதிய சுமார் பத்தாயிரம் வரி ப்ரோகிராமை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று வெளியிட்டார். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? திருத்தங்கள் வர ஆரம்பித்தன. லீனஸே படித்து, நல்லதைச் சேர்த்து, அல்லாததைத் தள்ளினார்.

1998-க்குள் நிலைமை முற்றிவிட்டது. திருத்தங்கள் மலைபோல் குவிந்தன. அவருக்கோ வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள்! கண் விழித்து எழுதி அனுப்பியதற்கு, "வேண்டாம்" என்று ஒரு வார்த்தைகூடப் பதில் வராவிட்டால் அனுப்பியவர் மனம் என்ன பாடுபடும்? கோபதாபங்கள் வெடித்தன. ஒரு லீனஸ் போதாது என்பது எல்லோருக்கும் விளங்கிற்று.

2002-ல் பிட்கீப்பர் என்ற கருவி கைகொடுத்தது. ஆனால் அது இன்னொருவரின் சொத்து. 2005-ல் ஒரு தகராறு மூண்டு, உரிமையாளர் இலவச அனுமதியை நிறுத்திவிட்டார். லீனஸ் என்ன செய்தார் தெரியுமா? ஏப்ரல் 3-ந் தேதி தாமே ஒரு கருவி செய்ய உட்கார்ந்தார். 7-ந் தேதி அந்தக் கருவி தன் கணக்கைத் தானே எழுதத் தொடங்கிவிட்டது! பெயர் 'கிட்'. ஆங்கிலேயர் பேச்சில் அதற்குப் பொருள், சகிக்க முடியாத ஆசாமி. தம் படைப்புகளுக்கெல்லாம் தம் பெயரையே வைப்பதாக அவரே வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்.

கிட் செய்வது இதுதான். ஒவ்வொருவர் கையிலும் முழுப் பிரதி, பழைய சரித்திரத்துடன். அவரவர் தனியே வேலை செய்யலாம். சேர்க்கும்போது, இருவருக்கும் பொதுவாக இருந்த பழைய பிரதியை நடுவே வைத்து, யார் எதை மாற்றினார் என்று ஒப்பிடும். வேறு வேறு வரியானால் தானே சேர்த்துவிடும். ஒரே வரியானால் நின்றுவிடும்; மனிதர் வந்து தீர்க்க வேண்டும்.

ஆனால் உப்பு விவகாரம் இருக்கிறதே, அது கருவிக்குத் தெரியாது. 'கதவைத் திற' என்று ஒரு கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் அதை எல்லா இடத்திலும் 'தாழ் நீக்கு' என்று மாற்றுகிறார். அதே வாரம் இன்னொருவர் புதிதாக ஒரு பக்கம் எழுதி, அதில் பழைய 'கதவைத் திற'வை அழைக்கிறார். வரிகள் மோதவில்லை, கருவி சமர்த்தாகச் சேர்த்துவிடும். கதவுதான் திறக்காது!

இதற்காகவே ஓர் ஒத்திகை உண்டு. 2008-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டீபன் ராத்வெல் தொடங்கியது. வலைத் தொடர்புக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர் என்று பொறுப்பாளர்கள் பலர். அவர்கள் தயாராக வைத்திருக்கும் நூற்றுக்கணக்கான தொகுப்புகளை ஒவ்வொரு வேலை நாளும் ஒன்றுகூட்டி, எது எதனோடு மோதுகிறது என்று பார்ப்பார். மறுநாள் முதலிலிருந்து மறுபடி. வாசல் கோலம் மாதிரி, தினம் அழித்துத் தினம் போடுவது! இந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தார் என்றால் அந்தப் பொறுமையை என்னவென்பது?

அசல் முகூர்த்தம் இரண்டே வாரம். அதற்குள் பொறுப்பாளர்கள் கொடுப்பதை லீனஸ் சேர்ப்பார். பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள்! பிறகு கதவு சாத்தப்படும். புதுச் சரக்கு கிடையாது. பழுது நீக்குவது மட்டும். வாரம் ஒரு சோதனைப் பதிப்பாக ஏழெட்டு வாரம் கழித்து முடிவான பதிப்பு வெளிவரும். பிந்தி வந்தவர் அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இவ்வளவு பக்குவமாக வரிகளைச் சேர்த்தவர், மனிதர்களிடம் அத்தனை பக்குவம் காட்டவில்லை. தவறு செய்தவர்களைப் பலர் அறியக் கடுஞ்சொல்லால் சுட்டார். சிலர் மனம் வெறுத்து ஒதுங்கினார்கள். வேலை சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் நாக்கு இப்படி இருக்கத்தான் வேண்டுமா? எனக்கு அது ஒப்பவில்லை. 2018 செப்டம்பரில் அவருக்கும் ஒப்பாமல் போயிற்று. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, பிறர் மனத்தை அறிந்து நடக்கக் கற்க உதவி நாடப்போவதாகச் சொல்லி விலகி நின்றார். கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்பவர் பொறுப்பேற்று, அக்டோபர் 22-ந் தேதி 4.19 பதிப்பை வெளியிட்டார். லீனஸ் திரும்பி வந்தார். இரண்டு வாரக் கதவு மீண்டும் திறந்தது. வாசலில் மாற்றங்கள் வரிசையாகக் காத்திருந்தன.