மடிக்கணினியின் வேக மதிப்பெண் மாறுவது ஏன்? வாங்கியவரின் உரிமை என்ன?

கணினியின் மையக் கணக்கிடும் சில்லான பிராசசர் எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதை எண்ணாக மதிப்பிடும் மென்பொருட் சோதனைக்கு பெஞ்ச்மார்க் என்று பெயர். பெங்களூருவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் நீலசந்திரா போன்ற பகுதிகளில், கல்லூரி மாணவர்களும் வீட்டிலிருந்து பணிபுரிவோரும் சிறுதொழில் செய்வோரும், இணைய அங்காடியில் புதிய மடிக்கணினியையோ எஸ்.பி. ரோடு கடைகளில் அலுவலகங்களிலிருந்து கழித்த பழைய மடிக்கணினியையோ வாங்கும்போது, இந்த எண்ணை நம்பியே பணம் கொடுக்கின்றனர். வாங்கிய கருவி காலையில் ஓர் எண்ணையும் மாலையில் வேறோர் எண்ணையும் காட்டினால், வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகக் கருதுகிறார். விற்றவரோ "அது அப்படித்தான்" என்று கூறி அனுப்பிவிடுகிறார். காரணத்தைச் சோதித்து அறியும்வரை இவ்விரண்டில் எதையும் ஏற்பதற்கில்லை.

மடிக்கணினியின் பிராசசர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இன்டெல் கோர் ஐ7-1355யு என்ற பிராசசரை எடுத்துக்கொண்டால், அதன் அடிப்படை மின்நுகர்வு 15 வாட். குறுகிய நேரத்துக்கு அது 55 வாட் வரை எடுத்துக்கொள்ள இடமுண்டு. அந்த உச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம், பிறகு எந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்பதை மடிக்கணினித் தயாரிப்பாளரே முடிவு செய்வதால், ஒரே பிராசசர் கொண்ட மெலிந்த கருவியும் தடித்த கருவியும் வேறுவேறு மதிப்பெண் பெறுகின்றன. ஒரே கருவியிலும் முதல் ஓட்டம் உயர்ந்தும் அடுத்தடுத்த ஓட்டங்கள் தாழ்ந்தும் வருகின்றன. சில்லின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதனைத் தெர்மல் த்ராட்லிங் என்பர். 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி வெயில் கண்ட பெங்களூருவில், கோடையில் மாடி அறையில் மெத்தைமேல் வைத்து ஓட்டிய சோதனையையும் மார்கழிக் குளிரில் மேசைமேல் ஓட்டிய சோதனையையும் ஒப்பிடுவது பொருளற்றது.

பலர் கவனிக்கத் தவறும் காரணம் சார்ஜர். மின்னேற்றியின் அடியில் சிறிய எழுத்தில் 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், இரண்டையும் பெருக்க வருவது 65 வாட். அதுவே அதன் திறன். 65 வாட் கேட்கும் கருவிக்கு 45 வாட் சார்ஜரையோ, தயாரிப்பாளரின் அடையாளச் சில்லு இல்லாத போலிச் சார்ஜரையோ செருகினால், பல மடிக்கணினிகள் எச்சரிக்கை வரி ஒன்றைத் திரையில் காட்டிவிட்டுத் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. பயனர் அவ்வரியைக் கடந்துபோய்விட்டுப் பிராசசரைக் குறைகூறுகிறார். போலிச் சார்ஜரால் தீப்பிடிக்கும் ஆபத்து வேகக் குறைவைவிடப் பெரிது என்பதால், இந்தியாவில் விற்கப்படும் மடிக்கணினிக்கும் அதன் சார்ஜருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு தேவை. 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் பொறிக்கப்படாத சார்ஜரை வாங்காதிருப்பதே நலம்.

பேட்டரியில் ஓட்டுவது, பின்னணியில் விண்டோஸ் புதுப்பிப்பு இறங்குவது, தூசி அடைத்த விசிறி, காய்ந்துபோன வெப்பப் பசை ஆகியவையும் எண்ணைத் தாழ்த்தும். இவை யாவும் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது பெயரில் ஒளிந்திருக்கும் வேறுபாடு: ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7520யு நான்கு கோர்களும் (கணக்கிடும் அலகுகளும்) பழைய ஜென் 2 வடிவமைப்பும் கொண்டது, ரைசன் 5 7530யு ஆறு கோர்களும் ஜென் 3 வடிவமைப்பும் கொண்டது. ஓர் இலக்கம் மாறினால் கருவியே வேறாகிவிடும் நிலையில், "ரைசன் 5" என்று மட்டும் எழுதிய ரசீது வாங்கியவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. முழு மாடல் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும்.

ஆகவே, புகாருக்கு முன் சோதனையை ஒழுங்காகச் செய்தாக வேண்டும். கருவியுடன் வந்த சார்ஜரைச் செருகி, மின் அமைப்பை உயர் செயல்திறனுக்கு மாற்றி, புதுப்பிப்புகள் முடிந்தபின் மறுதொடக்கம் செய்து, கெட்டியான மேசைமேல் வைத்து, ஒரே சோதனையின் ஒரே பதிப்பைப் பலமுறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் வெப்பம், வேகம், மதிப்பெண் மூன்றையும் தேதியுடன் திரைப்பிடிப்பாகச் (ஸ்கிரீன்ஷாட்) சேமிக்க வேண்டும். 2020இல் வெளிவந்த சினிபெஞ்ச் ஆர்23 பத்து நிமிடம் தொடர்ந்து ஓடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், நீடித்த வேகத்தை அறிய அது உதவும். ஓட்டங்களுக்கிடையே சில விழுக்காட்டு வேறுபாடு இயல்பு. அதே மாடல் பிறரிடம் தரும் எண்ணைவிடத் தொடர்ந்து பெரிதும் தாழ்ந்து நிற்பதே குறைபாட்டின் அறிகுறி.

இத்தகைய பதிவுக்கு உள்ள வலிமையை 2018 ஜூலையில் உலகம் கண்டது. அப்போது வெளிவந்த ஐ9 மேக்புக் ப்ரோ, நீண்ட பணியில் எதிர்பார்த்த வேகத்துக்குக் கீழே இறங்குவதை வாங்கியவர்கள் எண்களோடு எடுத்துக்காட்டினர். வெப்பக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பிழை இருந்ததை ஆப்பிள் அம்மாதமே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

சட்டமும் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தர மறுப்பதும், பழைய கருவியைப் புதியதென்று விற்பதும் முறையற்ற வணிகமாகும். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய கருவியும் இச்சட்டத்தின் காப்புக்குள் வரும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் கூறிய தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கலாகாது. அங்காடியின் குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அங்கும் பயனில்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைக்கலாம். அது தமிழ் உட்பட 17 மொழிகளில் இயங்குவதால், கன்னடமோ ஆங்கிலமோ சரளமாக வராத நீலசந்திரா முதியவரும் தம் குறையைத் தாமே சொல்ல முடியும். எனினும் அது சமரச முயற்சியே தவிர, கட்டுப்படுத்தும் தீர்ப்பு வழங்குவதில்லை.

தீர்ப்பு வேண்டுவோர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. பரிசோதனையின்றிக் குறையை முடிவுசெய்ய இயலாதபோது ஆணையம் கருவியை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆய்வு தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதங்களில் முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் கூறினும், நடைமுறையில் அது நீள்வதுண்டு என்பதை அறிந்தே இறங்க வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் பதிவாக வேண்டும். ஆதலால் ரசீதையும் சோதனைப் படங்களையும் அதுவரை அழிக்காமல் வைத்திருங்கள்.