வீணை தனம்மாள்

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை மாலைகளில் இசையன்பர் சிலர் கூடுவது வழக்கம். புகழ் வாய்ந்த வித்துவான்களும் அவர்களிடையே அமர்ந்திருப்பர். அங்கே மேடை இல்லை, மிருதங்கமும் இல்லை. அனைவரும் அமைதியாய் இருக்க, அம்மையார் ஒருவர் வீணையை மீட்டி, மெல்லிய குரலில் தாமும் உடன் பாடுவார். அவரே வீணை தனம்மாள். ஒலிபெருக்கி இன்றித் திருவிழா இல்லை என்னும் இக்காலத்தவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு பிறந்தார். இசையையும் நடனத்தையும் வழிவழியாகப் பேணி வந்த குடும்பம் அவருடையது. முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநதையரிடமும், க்ஷேத்திரக்ஞரின் பதங்களை வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடமும் அவர் கற்றார். பாலகிருஷ்ணதாசர் கண்பார்வை இல்லாதவர். தனம்மாளும் முதுமையில் பார்வையை இழந்தார். எனினும் அவர் விரல்கள் வழி தவறவில்லை.

அவருடைய வாசிப்பின் அருமையை உணர, வீணையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். மேனாட்டுப் பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் ஒலிக்கும். ஒலித்தபின் அதனை வளைத்தல் இயலாது. வீணையிலோ, மெழுகின்மேல் பதித்த இருபத்து நான்கு மெட்டுகளின் மீது தந்திகள் ஓடுகின்றன. ஒரு முறை மீட்டிவிட்டு, மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால், சுரம் உயர்ந்து அடுத்த சுரத்தைத் தொடும். தளர்த்தினால் மீண்டும் இறங்கும். நம் இசைக்கு உயிரான கமகம் இவ்வாறு பிறக்கிறது. ஆயினும், மீட்டிய கணம் முதல் அவ்வொலி தேயத் தொடங்கிவிடும். அது மறைவதற்குள் சொல்லவேண்டுவனவற்றைச் சொல்லி முடித்தல் வேண்டும். உரக்க மீட்டினால் ஒலி பெருகும், நயம் குறையும். தனம்மாள் வெறும் விரல்களால் மெல்ல மீட்டி, தேய்ந்துகொண்டே செல்லும் அவ்வொலியிலிருந்து இராகத்தின் உருவை வெளிக்கொணர்ந்தார்.

இத்தகைய மெல்லிசை அழியாது கிடைத்தது நம் நற்பேறே. தொடக்கக் காலத்தில் இசைத்தட்டில் பதிவு செய்வோர், பெரியதொரு கூம்பின் முன் அமர்ந்து உரக்கப் பாடவேண்டியிருந்தது. 1925ஆம் ஆண்டிற்குப் பின் மின்சார ஒலிவாங்கி வழக்கிற்கு வந்தது; அதன் பின்னரே வீணையின் நுண்ணொலியையும் செவ்வையாகப் பதிக்க முடிந்தது. தனம்மாள் தம் முதுமையில் சில இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். நிமிடத்திற்கு எழுபத்தெட்டு முறை சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். வீட்டில் விரிவாக வாசித்தவர், அச்சிறு அளவிற்குள் ஓர் இராகத்தைக் காட்டவேண்டியிருந்தது!

அவற்றை முதன்முறை கேட்போர்க்கு, ஊசி உரசும் ஓசையே மிகுதியாகத் தோன்றும். எந்திர ஓசைக்குப் பழகிய செவியும், விரைவே வித்தை என்று எண்ணும் மனமும் ஏமாற்றம் அடைதல் கூடும். குறை வீணையினது அன்று. மறுமுறை கேட்கும்போது, ஒரே ஒரு மீட்டைத் தொடர்ந்து, அது எங்கே எழுந்து எவ்வாறு வளைந்து எந்தச் சுரத்தில் ஒடுங்குகிறது என்று கவனித்தல் நன்று. மீட்டுக்கும் மீட்டுக்கும் இடையே அவர் விட்ட அமைதியும் அப்போது புலப்படும். உரசும் ஓசை தானே பின்னிற்கும்.

1938ஆம் ஆண்டு தனம்மாள் மறைந்தார். இசைத்தட்டுகள் தந்தவை சிலவே. எஞ்சியவற்றை அவர் குடும்பத்தினர் மனத்தில் தாங்கி நின்றனர். பேத்தியர் பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளையிடமும் பயின்றனர். சென்னையிலிருந்து காஞ்சிக்குச் செல்லும் சாலை, இன்று தொழிற்சாலைகள் நிறைந்து விளங்கும் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து செல்கிறது. தாளக் கருவிகள் பல சூழப் பாடியவர் பிள்ளை. தாளக் கருவியே இன்றி வாசித்தவர் பாட்டியார். இவ்விரு வேறு நெறிகளையும் அப்பெண்கள் கற்றுத் தேர்ந்தனர். மற்றொரு பேத்தியான பாலசரஸ்வதி, அப்பதங்களுக்கு நாட்டியத்தில் உருக்கொடுத்தார். அவருக்கு 1973ஆம் ஆண்டிலும், பிருந்தாவுக்கு 1976ஆம் ஆண்டிலும் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. பாலசரஸ்வதியின் தம்பி விசுவநாதனோ, கடல் கடந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பாட்டியாரின் வீணை பாடிய பதங்களை அவர் புல்லாங்குழலில் வாசித்தார். இடையிடையே குழலைத் தாழ்த்திவிட்டு வாயாலும் பாடினார்.