கணு வீழினும் வலை வீழாமை

2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியது. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையாயினும் தெற்கேயுள்ள வெள்ளவத்தையாயினும், வெளியுலகோடு இருந்த இணையத் தொடர்பு பெரும்பாலும் அற்றுப்போயிற்று. நாடு ஒரு வடத்தையே பெரிதும் நம்பியிருந்தமை இதற்குக் காரணம்.

ஒன்றையே நம்பும் இக்குறையைக் கணினிக் கூட்டத்தில் நீக்குவது எங்ஙனம்? தலைமைக் கணினி என ஒன்றின்றி, நிகரான கணினிகள் இணையத்தின்மேற் பின்னிக்கொள்வது மேலடுக்கு வலையமைப்பு எனப்படும். அங்கே ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. கணுக்களோ உரியவர் விரும்பியபோது அணைக்கப்படுவன. சொல்லிக்கொண்டு மறைவனவும் அல்ல.

2001இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார் வெளியிட்ட ‘கோர்ட்’ என்னும் முறை இதற்கொரு விடையாகும். அதனை ஆக்கியோருள் ஹரி பாலகிருஷ்ணன் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்றவர்.

இம்முறையிற் கணுக்கள் ஒரு வளையமாக எண்வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றும் தன்னை அடுத்ததை அறியும். அன்றியும் 1, 2, 4, 8 என இரட்டிக்கும் தூரங்களிலுள்ளவற்றையும் அறியும். இத்தூர இணைப்புகளால் ஒவ்வொரு தாவலிலும் எஞ்சிய தூரம் ஏறக்குறையப் பாதியாகும். இவற்றுள் ஒன்று கெட்டாற் குறுகிய தாவலை மேற்கொள்ளலாம்; தாமதமேயன்றித் தவறு நேராது. அடுத்த கணுவை அறியாதொழிவதோ வளையமே அறுவதாகும். விரைவுக்குரியதையும் செம்மைக்குரியதையும் இவ்வாறு பிரித்தமையே இம்முறையின் சிறப்பு எனலாம்.

ஆதலின் அடுத்த கணு ஒன்றனை மட்டுமன்றி, அடுத்தடுத்த பலவற்றின் பட்டியலையும் ஒவ்வொரு கணுவும் வைத்திருக்கும். 1024 கணுக்கள் உள எனக் கொள்வோம். இதன் இரண்டடி மடக்கை 10; அதன் இருமடங்காகிய 20 பெயர்கள் பட்டியலில் இருக்கட்டும். ஒவ்வொரு கணுவும் வீழும் நிகழ்தகவு அரையாயினும், ஒரு பட்டியலிலுள்ள இருபதும் ஒருங்கே வீழும் நிகழ்தகவு 10,48,576இல் ஒன்றே. ஒரு பெயரையே வைத்திருப்பின் அது இரண்டில் ஒன்று! வீழ்ந்த கணுவின் பொருள்களும் அடுத்த கணுவின் பொறுப்பாகும்; முன்னரே அங்குப் படிகள் வைக்கப்பட்டிருப்பின் இழப்பில்லை.

விடை வாராமையாலேயே வீழ்ச்சி அறியப்படும். அடிக்கடி வினவினாற் செய்திப்போக்குவரத்து பெருகும். அரிதாக வினவினாற் பட்டியல் பழுதுபடும்.

நிறுவப்பட்டதெனக் கருதப்பட்ட இம்முறையிலும் பிழையுண்டு என்பதைப் பமேலா சேவ் என்னும் அம்மையார் 2012இல் எடுத்துக்காட்டினார். கணுக்கள் சேர்தலும் வீழ்தலும் சில ஒழுங்கில் நிகழின், வளையம் மீளாதவாறு சிதையக்கூடும். பின்னர் அவர் செய்த திருத்தங்களுள் ஒன்று மிக எளியது: பட்டியலின் நீளத்தைவிட ஒன்றேனும் மிகுதியான கணுக்களோடு வளையத்தைத் தொடங்குதல் வேண்டும்.